குறையில்லாத மாட்டின் சீரம்

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பெருநாள் கிடையாது, திங்ஜான் கிடையாது. ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கூத்தடிக்கும் அந்தத் திங்ஜான் புத்தாண்டு நாட்களிலும் நான் யாங்கூன் லான்மடாவில் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, தாகேதாவில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நனைந்த துணியோடு போய்ச் செல்களுக்குச் சோறு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பதினெட்டு வருஷம். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று என் அண்ணன் கேலி செய்வார். நாங்கள் அண்ணனை நானா என்போம். எனக்குப் பிள்ளை இல்லை. அது தெரிந்துதான் நானா அப்படிச் சொல்வார்.

அது ஒரு தனியார் கால்நடை மருந்துக் கம்பெனியின் சின்ன ஆய்வுக்கூடம். மாடுகளுக்கு வரும் கோமாரி வைரஸைத்தான் அதிகம் வளர்த்தோம். வைரஸ் என்றால் ஏதோ பெரிய வில்லன் என்று நினைக்கிறார்கள். அவனைப்போல ஒன்றுமில்லாத பயல் உலகத்திலேயே கிடையாது. வெறுங்கையோடு வருவான். அவன் நுழைவதற்குச் செல்லின் தோலில் இருக்கும் புரதமே கதவைத் திறந்துவிட வேண்டும். அவன் கொண்டுவந்த துண்டுச்சீட்டைச் செல்லின் புரதங்கள்தாம் படித்துச் சொல்ல வேண்டும். அதன்படி அவன் உடம்புக்கான பாகங்களைச் செல்லின் பட்டறைதான் செய்து தர வேண்டும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, உப்பிட்ட வீட்டையே உடைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் வெளியே வருவான். செல்லிடம் இருக்கும் புரதங்களில் எது இல்லாவிட்டால் இவன் படுத்துவிடுவான் என்று தெரிந்தால் மருந்துக்கு ஒரு வழி கிடைக்கும். உலகமெங்கும் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி உடைத்துக்கொண்டாள்.

அவள் தாகேதாவிலேயே பிறந்தவள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். வீட்டில் பர்மிதான். என்னிடம் மட்டும் அப்பாவிடம் கேட்டுப் பழகிய தமிழில் பேசுவாள். வயது இருபத்தைந்து, கால்நடை மருத்துவம் படித்தவள். நான் வெறும் டெக்னீஷியன். அவள் யோசிப்பாள், நான் செய்வேன். என்னைவிடப் பதினைந்து பதினாறு வயது சிறியவள் சொல்வதை நான் கேட்டுக்கொண்டு நிற்பதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவள் என்னை அக்கா என்று கூப்பிடும் விதத்தில் அது பாதி கரைந்துவிடும்.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரோடு அவள் இணையத்தில் எழுதிப் பழகியிருந்தாள். அவர் இரண்டு சின்னக் குப்பிகளில் உறைந்த செல்களை அனுப்பிவைத்தார். நாங்கள் வழக்கமாக வளர்க்கும் அதே வகைச் செல்கள்தாம். ஆனால் வைரஸின் துண்டுச்சீட்டைப் படிக்க உதவுவதாக அவர் சந்தேகப்பட்ட ஒரு புரதம் அவற்றில் நீக்கப்பட்டிருந்தது. இந்தச் செல்லில் கோமாரி வைரஸ் வளரவில்லை என்று அவள் காட்டினால், அவரிடமே ஆராய்ச்சி மாணவியாக இடம். பட்டாளத்துக்கு ஆணையும் பெண்ணையும் கட்டாயமாக எடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்த நேரம் அது. அவள் வயதுப் பிள்ளைகள் பட்டியல் எடுக்கும் வார்டு ஆபீஸ் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார்கள். அந்த இடம் கிடைத்தால் அவள் போவாள். கிடைக்காவிட்டால் பட்டியலில் தன் பெயர் வரும் நாளுக்குக் காத்திருப்பாள். ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போது பார்த்துச் சீரம் தீர்ந்தது.

செல்லுக்குச் சோறு என்று நான் சொல்வது அதைத்தான். பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மஞ்சள் நிறத் தெளிவு. அதைச் சேர்க்காத திரவத்தில் செல்கள் நாலு நாளில் சுருண்டுவிடும். அது வெளிநாட்டிலிருந்துதான் வரும். கியாக்டடாவில் இருக்கும் ஏஜென்ட் கடைக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது. டாலர் இல்லை, பர்மிட் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள். கடைசிப் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. அவள் தினமும் அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். பார்த்தால் கூடுமா?

பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஏழு குடும்பம் சேர்ந்து ஒரு மாடு வாங்கிக் குர்பானி கொடுப்பார்கள். மாட்டைப் பார்த்து வாங்குவது நானா பொறுப்பு. ஒருநாள் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"ரத்தமா? என்ன புள்ள சொல்றே? அது நஜீசு, அசுத்தம். அத வெச்சு என்ன செய்யப் போறே?"

"செல்லுக்குச் சோறு நானா. உறஞ்சதும் மேல மஞ்சளா தண்ணி நிக்கும்ல, அது போதும்."

"விக்கப்படாது பாத்துக்க. குர்பானி மாட்டுல ஒரு முடியக்கூட விக்கப்படாது."

"யாரு விக்கப் போறா? மண்ணுல ஊத்தறதக் கேக்குறேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். நான் முக்கியமான கேள்விக்கு வந்தேன். ஒரு மாட்டுக்குக் கோமாரி வந்து போயிருந்தால், அதன் ரத்தத்தில் அந்த வைரஸைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புப் பொருள் தங்கியிருக்கும். பிறக்காத கன்றின் ரத்தத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி. வளர்ந்த மாடு என்றால் விசாரிக்காமல் எடுக்க முடியாது.

"அந்த மாட்டுக்கு எப்பவாச்சும் கோமாரி வந்திருக்கா? வாயில புண்ணு, காலு நொண்டுனது, அந்த மாதிரி?"

நானாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "குர்பானிக்குக் குறையுள்ள மாட்டயா புடிப்பேன்? கொம்பு பாத்து, பல்லு பாத்து, காது பாத்து, நாலு தடவ நடக்க விட்டுப் பாத்து வாங்குறவன் நான். ஒரு நோயும் அண்டுனதில்ல. வேணும்னா வாப்பா கபுறுக்குழி மேல சத்தியம் பண்ணவா?"

எனக்கு அது போதுமாக இருந்தது. ஊனமில்லாத, நோயில்லாத மாடுதான் குர்பானிக்கு ஆகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். குறையில்லாத மாடு என்றால் கோமாரி வராத மாடு, கோமாரி வராத மாடு என்றால் சுத்தமான ரத்தம். இந்தக் கணக்கை ஆய்வுக்கூடத்தில் வேறு யார் போட்டிருந்தாலும் ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்திருப்பார்கள். நான் சோதிக்கவில்லை. குர்பானி மாட்டைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

கோமாரி வைரஸைத் தொடுகிற கை அந்த வாரம் மாட்டுப் பக்கமே போகக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் நான் போகவில்லை. கிருமி நீக்கிய பாட்டில்களைக் கொடுத்துவிட்டேன், நானா முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடித்துவந்தார். உறையவிட்டு, சுழலவிட்டு, வடிகட்டி, அரைமணி நேரம் வெந்நீரில் வைத்து எடுத்தேன். தேன் நிறத்தில், கண்ணாடிபோல இருந்தது. அப்போது ஒரு காரியம் செய்தேன். வெளிநாட்டுச் சீரத்தின் காலிப் பாட்டில்களைக் கழுவி அவற்றில் ஊற்றினேன். பழைய லேபிளைக் கிழிக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைமை ஒரு பர்மாக்கார அம்மா. எல்லோரும் சயாமா என்போம், டீச்சரம்மா என்பதுபோல. நல்லவர்தான். ஆனால் பல பௌத்தர்களைப்போல அவரும் மாட்டிறைச்சி தொடமாட்டார், உழுது சோறு போட்ட பிராணி என்பார். பக்ரீத் வந்தால் எங்கள் தெருவில் நாங்களே குரலைத் தாழ்த்திப் பேசுகிற காலம். எங்கே அறுத்தீர்கள், எத்தனை அறுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டால் ஒன்பது பேர் காதில் விழும். பாட்டிலில் பக்ரீத் மாடு என்று எழுதிவைக்க எனக்கென்ன பைத்தியமா? ஏஜென்ட் எங்கிருந்தோ கொஞ்சம் தேடிக் கொடுத்தான் என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

சீரத்தைப் பங்கிட்டதும் நான்தான். வழக்கமான செல்கள் கொஞ்சம்தான் இருந்தன. மிச்சமிருந்த வெளிநாட்டுச் சீரம் அவற்றுக்குப் போதும். புரதம் நீக்கிய புதுச் செல்களை நிறைய வளர்க்க வேண்டியிருந்தது, அவற்றுக்குப் புதுச் சீரம். எல்லாப் பாட்டிலிலும் ஒரே லேபிள். இரண்டு பக்கமும் ஒரே சோறு என்றுதான் அவள் நினைத்தாள்.

வைரஸ் விட்ட மறுநாள் நாங்கள் மூவரும் மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நின்றோம். வழக்கமான செல்கள் எல்லாம் உருண்டு, பிய்ந்து, மிதந்தன. புரதம் இல்லாத செல்கள் பாய் விரித்ததுபோல அப்படியே படுத்திருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. அவள் மூன்று தடவை திரும்பச் செய்தாள். மூன்று தடவையும் அதுவே. வராமல் என்ன செய்யும்? மூன்று தடவையும் அதே பக்ரீத் சீரம்தானே.

"கௌங்டே! கௌங்டே அக்கா!" நல்லது, நல்லது என்று பர்மியில் கத்திக்கொண்டு அவள் என் கையைப் பிடித்துக் குதித்தாள். சயாமா டீ வாங்கிவரச் சொன்னார். பேராசிரியர் பதில் எழுதினார், இடம் உறுதி. கட்டுரை எழுதும்போது என் பெயரையும் போடுவேன் என்று அவள் சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின்மேல் எரிச்சல்தான் வருகிறது.

மூன்று மாதம் போனது. ஒரு மத்தியானம் நானா சாப்பிட்டுக்கொண்டே அந்த மாட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத்துக்கு இப்போதே முன்பணம் கேட்கிறானாம்.

"வெலய ஏத்துறான் புள்ள. கேட்டா, பாய்மாருங்க குறையில்லாத மாடு கேக்குறீங்க, குறையில்லாம வெச்சிருக்குறதுன்னா சும்மாவாங்கறான். கோமாரி ஊசி மட்டும் மூணு தடவ போட்டானாம். போன மாட்டுக்கும் போட்டுத்தான் குடுத்தானாம்."

நான் கையைக் கழுவிவிட்டேன். பாதிச் சோறு தட்டில் இருந்தது.

ஊசி போட்ட மாட்டுக்கு நோய் வராது. ஆனால் நோய் வந்த மாட்டைவிட அதிகமாகவே ரத்தத்தில் எதிர்ப்பு ஏறியிருக்கும். நான் நோய் வந்ததா என்று கேட்டேன். ஊசி போட்டானா என்று கேட்கவில்லை. நானா பொய் சொல்லவில்லை, மாட்டுக்காரனும் சொல்லவில்லை. எங்களுக்காகத்தான், எங்கள் குர்பானிக்காகத்தான் அவன் அந்த மாட்டை ஊசி போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. வழக்கமான செல்களை எடுத்துப் பக்ரீத் சீரம் கொடுத்தேன். புரதம் நீக்கிய செல்களுக்கு, வெளிநாட்டுப் பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துக் கொடுத்தேன். இரண்டிலும் வைரஸ் விட்டேன். மறுநாள் காலை எல்லோரும் வருவதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். வழக்கமான செல்கள் பாயாகப் படுத்திருந்தன. புரதம் இல்லாதவை செத்து மிதந்தன. அந்தப் புரதம் இருந்தால் என்ன, போனால் என்ன, வைரஸுக்குக் கவலையே இல்லை. ஒன்று இல்லையென்றால் செல்லின் இன்னொரு புரதத்தைப் பிடித்துத் தன் சீட்டைப் படிக்கவைத்துக்கொள்கிறான். அவனைத் தடுத்தது நான் ஊற்றிய சீரம். உள்ளே நுழைய வந்த ஒவ்வொருவனையும் அது வாசலிலேயே கட்டிப்போட்டிருக்கிறது.

என் வாழ்க்கையில் நானே யோசித்து, நானே செய்த ஒரே பரிசோதனை அது. ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. அதை யாரிடமும் காட்ட முடியாமல் பிளீச்சிங் தண்ணீரில் கொட்டினேன்.

நானாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது செல்லைப் பற்றி இல்லை. "மாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவே? பள்ளிவாசல் பேரு அடிபடாதா? வாய மூடிக்கிட்டு இரு." அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

வாயை மூடிக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அவள் புறப்பட இரண்டு வாரம் இருந்தது. தூதரகக் காகித வேலையாக ஊருக்குள் வந்திருந்தவளைச் சூலே பக்கம் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். மாடு, ஊசி, லேபிள், ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உனக்குத் தெரியும்."

"சயாமாவுக்கு?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது அக்கா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தமிழில் தேடித் தேடி, கிடைக்காத இடத்தில் பர்மியைப் போட்டுப் பேசினாள். அங்கே போய், நல்ல சீரத்தில் தானே திரும்பச் செய்து பார்த்து, தவறு என்று தானே சொல்லிவிடுவாளாம். "அங்க இருந்து சொன்னா, நான் தப்பக் கண்டுபுடிச்சவ. இங்க இருந்து சொன்னா, தப்புப் பண்ணவ. இங்கயே இருப்பேன். வார்டு ஆபீஸ்ல வந்து கூப்புடுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்கல்ல?"

சொல்லமாட்டேன் என்றேன். அவளுக்காக என்று யாராவது நினைத்தால் அது முழு உண்மை இல்லை. எனக்கும் பயம். லேபிளை மாற்றியவள் நான். அன்றைக்கு டீக்குப் பணம் அவள் கொடுத்தாள். அதை நான் தடுக்காததுகூட இன்றுவரை உறுத்துகிறது.

அவள் போனாள். விமான நிலையத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள், போய்ச் சேர்ந்ததும் இன்னொன்று. அப்புறம் அனுப்புவது குறைந்து, நின்றது.

குளிர்காலம் பிறந்தபிறகு சயாமா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பேராசிரியரின் கடிதம் இருந்தது. சயாமா அதைப் பர்மியில் எனக்குப் படித்துச் சொன்னார். மாணவி வந்ததும் பரிசோதனையைத் தானாகவே முதலிலிருந்து செய்தாளாம். புரதம் நீக்கிய செல்லில் வைரஸ் தடையில்லாமல் வளர்ந்ததாம். யாங்கூனில் பயன்படுத்திய சீரத்தைச் சோதிக்க வேண்டும், அங்குள்ள டெக்னீஷியன் தனக்குத் தெரிவிக்காமல் சீரத்தை மாற்றியிருக்கலாம் என்று அவளே சொன்னாளாம். தன் முடிவையே சந்தேகிக்கும் இவ்வளவு நேர்மையான மாணவி கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த டீக்கடை நாளுக்கு முன்னால்வரை அத்தனையும் உண்மை. அவள் என்னைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்கலாம்.

சயாமா மிச்சமிருந்த பாட்டிலை ஏற்கெனவே சோதித்து, கோமாரி எதிர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார். "எந்த மாடு?" என்று கேட்டார். சந்தையில் அறுத்த மாடு, யாருடையது என்று தெரியாது என்றேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார், அந்தப் பாட்டிலைத் தொட்ட கை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அவள் போவதற்கு முன்னால் இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா? நீ சொன்னாயா?"

ஒரே வார்த்தை. தெரியும் என்று சொன்னால் அந்தக் கடிதம் எழுதியவருக்கு இன்னொரு கடிதம் போகும். அவள் அடுத்த விமானத்தில் திரும்புவாள், விமான நிலையத்திலிருந்து நேராக எங்கே போவாள் என்பது எனக்கும் சயாமாவுக்கும் தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியை என் வாயால் பட்டாளத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"சொல்லவில்லை," என்றேன்.

சயாமா கடிதத்தை மடித்தார். "நல்லவேளை," என்றார். "உங்கள் இருவரில் அவளாவது நேர்மையானவளாக இருந்தாளே."

செல் அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்னால் நானே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.